என்னிடம் மட்டும் வரி கேட்கவில்லை

கொட்டுச் சத்தம் மேலத் தெருவில் கேட்டபோதே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

பங்குனி வெயில். வீட்டு வாசலில் புது வேட்டியோடு நிற்கிறேன். முஷ்டிக்குள் வெள்ளிக் காசு. வேர்வையில் அது கெண்டைக் குஞ்சு மாதிரி வழுக்குகிறது. இடது கைக்கு மாற்றினால் இடது கையும் வேர்க்கிறது. 

அம்மன் கும்பிடு திருவிழாவுக்கு வீடு வீடாக வரி தண்டி வருகிறார்கள். முன்னால் கொட்டுக்காரர். அவருக்குப் பின்னால் ஊர்த் தலைவரான பெரியதனக்காரர். அவரை ஒட்டி நாலைந்து பெரிய மனிதர்கள். ஒவ்வொரு வாசலிலும் கொட்டு நிற்கும். உள்ளேயிருந்து ஒரு முனகல் வரும். மழை பொய்த்த கதை, மாடு படுத்த கதை, போன வருசம் கொடுத்ததற்கே அம்மன் கண் திறக்காத கதை எல்லாம் ஒரு பாட்டம் முடிந்தபின் வரி வரும். எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவர் ஏச, இவர்கள் ஏச, தெருவே சிரித்தது. கடைசியில் கொடுத்தார்.

கொடுத்து வைத்த மனிதர் என்று அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

கொட்டு எங்கள் வாசலில் நின்றது. என் மாமியார் ஒச்சம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அரை வரியைக் கொடுத்தார். புருஷனை இழந்த பெண்ணுக்கு அரை வரி; அது ஊர் வழக்கம். நான் தொண்டையைச் செருமினேன். பெரியதனக்காரர் என்னைப் பார்த்ததும் தோள் துண்டை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, சாப்ட்டீகளா?"

சாப்பிட்டாயிற்று என்றேன். வரி என்று ஆரம்பித்தேன்.

"வெயில்ல நிக்காதீக. நெறம் கறுத்துரும். உள்ள போயி உக்காருங்க."

கொட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டது. வீட்டில் ஆண்பிள்ளை என்று கல்தூண் மாதிரி நான் நிற்க, மாமியார் அரை, நான் பூஜ்யம்.

பூஜ்யத்தின் வரலாறு

இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் தேனிக் கடைத்தெருவில் பிறந்தவன். என் அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. எனக்குப் பெண் கொடுத்த ஊர் உத்தமபாளையத்துக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஊரில் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் எனக்கு மச்சினன் முறை.

என் மனைவி செல்லம்மாள் கூடப்பிறந்தவர் இல்லாத ஒரே பெண். தகப்பனார் இல்லை. வயல் இருந்தது, பார்க்க ஆள் இல்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டோடு வரவேண்டும் என்று பேச்சு. நான் மூன்றாவது பையன். என்னைக் கொடுத்துவிடுவதில் அப்பாவுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் ஓட ஆரம்பித்த காலத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மீசை முழுதாக இறங்காத வயது.

அந்த ஊரில் கல்யாணமான ஒவ்வொரு ஆம்பிளையும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் வரி கொடுக்கவேண்டும். வரி கொடுத்தால் கூட்டத்தில் பேசலாம். வீட்டில் நல்லது கெட்டது என்றால் ஊர் வந்து நிற்கும். வரி இல்லையென்றால் நீங்கள் ஊருக்கு வந்த விருந்தாளி. விருந்தாளிக்கு வாழை இலையில் முதல் பரிமாறல் உண்டு. வேறொன்றும் கிடையாது.

பூஜ்யமாக இருப்பது லாபந்தானே என்று என் அப்பா மாதிரி வியாபாரிகள் கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அன்று சாயங்காலம் செல்லம்மாள் முகத்தைப் பார்க்கும்வரை.

கும்பிடுக்கு ஊர்ப் பெண்கள் மண் ஓட்டில் பயறு முளைக்கவைத்து முளைப்பாரி போடுவார்கள். எல்லா ஓட்டையும் ஒன்றாக வைத்து வளர்க்கும் முளைப்பாரி வீட்டில், வரி கொடுத்த வீட்டு ஓட்டுக்குத்தான் இடம். செல்லம்மாள் விவரம் தெரிந்த நாளிலிருந்து வருசம் தவறாமல் முளைப்பாரி எடுத்தவள். அப்போது தகப்பன் கணக்கில் இருந்தாள். இப்போது என் கணக்கில் இருக்கிறாள். மாமியாரின் அரை வரி மாமியாருக்குத்தான் செல்லும், மகளுக்கு நீளாது. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஆற்றிலேயே குளித்து வளர்ந்தவள், என்னைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக வெளியூர்க்காரி ஆகிவிட்டாள்.

 அன்று இரவு என் சோற்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

நாற்காலித் தண்டனை

மரியாதையால் ஒரு மனிதனைச் சித்திரவதை செய்யமுடியுமா என்று யாராவது சந்தேகப்பட்டால் என்னிடம் வரட்டும்.

ஊர்ச் சாவடியில் வேலை இல்லாத நேரம் ஆண்கள் கூடுவார்கள். ஆடு புலி ஆட்டம், வெற்றிலை, வம்பு. நான் போனால் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். ஒருத்தர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவருவார். ஊரில் இருந்ததே அந்த ஒரு நாற்காலிதான். வருசத்துக்கு ஒரு தடவை ரெவினியூ இன்ஸ்பெக்டர் வந்தால் போடுவார்கள். மிச்ச நாளெல்லாம் எனக்கு. அவர்கள் தரையில் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் மேலே கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன். பேச்சு நின்றுவிடும். யாராவது இருமுவார்கள். இன்ஸ்பெக்டராவது அரைமணியில் எழுந்து போய்விடுவார். எனக்குப் போக வேறு இடமில்லையே.

ஒருநாள் துணிந்து தரையில் உட்கார்ந்தேன். வீட்டில் தீப்பிடித்த மாதிரி எல்லாரும் எழுந்துவிட்டார்கள். என்ன குறை வைத்தோம் என்று பெரியதனக்காரர் கலங்கிப்போய்க் கேட்டார். மறுபடி நாற்காலியில் ஏறிக்கொண்டேன்.

அவர்களுக்குள் பேசும்போது பாருங்கள்: "ஏலே வாடா", "போடா வெங்காயம்", "ஒங்கப்பன் மூஞ்சிக்கு". கேட்கவே காதில் தேன் பாயும். என்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் "அவுக வந்திருக்காக", "அவுக சொல்றாக." அந்த 'ஆக' ஒவ்வொன்றும் எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு வரப்பு.

சங்கிலியும் டப்பாவும்

ஒரு கூட்டத்துக்குள் நுழையத் துடிக்கும் இந்த வியாதி எங்கள் குடும்பச் சொத்து.

போடியில் ஏலக்காய் வியாபாரிகள் கோட்டுப் பையில் கடிகாரமும் மார்பில் வெள்ளிச் சங்கிலியுமாகத் திரிவார்கள். என் அப்பாவுக்கு அவர்களைப் பார்த்துப் பார்த்து ஆசை. ஒரு சங்கிலி வாங்கினார். கடிகாரம் வாங்க முடியவில்லை. சங்கிலியின் மறுமுனையை மூக்குப்பொடி டப்பாவில் கோத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாராவது மணி கேட்டால் சங்கிலியைக் கம்பீரமாகப் பிடித்துக்கொண்டு, சூரியனை ஓரக்கண்ணால் பார்த்து மணி சொல்வார். மழைக்காலத்தில் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்.

போடி வியாபாரிகள் மதுரைக்காரரைப் பார்த்துக் கோட்டுப் போட்டார்கள். மதுரைக்காரர் வெள்ளைக்காரனைப் பார்த்தார். வெள்ளைக்காரன் யாரைப் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. அவனும் யாரையாவது பார்த்து நடுங்கியிருப்பான்.

நானும் சளைத்தவனில்லை. எங்கள் கடைக்கு அடுத்தது ஒரு கிறிஸ்தவர் வைத்திருந்த ஜவுளிக்கடை. கிறிஸ்துமஸ் வந்தால் அவர் வீட்டுப் பையன்கள் காகித நட்சத்திரம் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் பாடப் போவார்கள். சின்னப் பையனான எனக்கும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தனாக நடக்க ஆசை. பாட்டுத் தெரியாது. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நடந்தேன். பாட்டு எந்த இடத்தில் முடியும் என்பதும் தெரியாதே. எல்லாரும் நிறுத்திய பிறகும் என் வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் எனக்கு வலிப்பு என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தார்.

மனைவி ஊருக்கு வந்தபிறகு அதே வாயசைப்பைத்தான் உடம்பு முழுவதும் செய்தேன். சட்டையைக் கழற்றினேன். முதுகு உரிந்தது. செருப்பை விட்டேன். கருவேல முள் குதிகாலில் குடியேறியது. இதில் கொடுமை என்னவென்றால், நான் சட்டையைக் கழற்றிய அதே வாரம் மச்சினன் முறைக்காரன் வீரணன் உத்தமபாளையத்தில் காலர் வைத்துச் சட்டை தைத்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்துத்தானாம். நான் அவனைப் போல ஆக அவன் பக்கம் ஓட, அவன் என்னைப் போல ஆக என் பக்கம் ஓடி, இரண்டு பேரும் வழியில் சந்தித்து ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தோம்.

திட்டு வாங்கும் படலம்

வரி கேட்காமல் போன மறுநாள், செல்லம்மாள் என் குதிகாலில் முள் எடுத்துக்கொண்டே வழி சொன்னாள். நான் மறுபடியும் பெரியதனக்காரரிடம் போய்க் கெஞ்சட்டுமா என்று கேட்டதற்குப் பதில் அது.

"கெஞ்சுனா இன்னும் மரியாத குடுப்பாக. விருந்தாளிய யாரும் திட்டமாட்டாக. மொதல்ல ஒரு திட்டு வாங்கிட்டு வாங்க. அப்பறம் வரிய அவுகளே வாங்குவாக."

சொல்லிவிட்டு முள்ளை வெடுக்கென்று பிடுங்கினாள். எனக்கு இரண்டும் ஒரே சமயத்தில் உறைத்தது.

அன்றிலிருந்து திட்டு தேடி அலைந்தேன். சாவடியில் ஆடு புலி ஆட்டத்தில், எல்லாரும் பார்க்கவே, வெட்டுப்பட்ட ஆட்டை எடுத்துத் திரும்ப நட்டேன். அவனவன் அடித்துக்கொள்ளும் குற்றம். எதிரே விளையாடியவர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துவிட்டு, தேனிப் பக்கம் ஆட்டம் வேறு மாதிரி போல என்று சொல்லித் தன் புலியைப் பின்வாங்கிக்கொண்டார்.

அடுத்தது இன்னும் பெரிய பாதகம். எங்கள் எருமையைப் பெரியதனக்காரரின் சோளக் கொல்லைக்குள் நானே ஓட்டிவிட்டேன். ஓட்டிவிட்டு, கொல்லை ஓரத்தில் நெஞ்சு படபடக்கக் காத்திருந்தேன். கம்போடு வருவார், வாயில் வந்ததைச் சொல்லுவார், ஒரு 'ஏலே'யாவது விழும் என்று கணக்கு. வந்தார். எருமையைப் பிடித்தார். ஒரு கட்டு சோளத்தட்டையும் அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். எருமையை அவரே எங்கள் வீட்டில் கட்டிவிட்டு, மாடு பசியில் இருந்தது, மாப்பிள்ளைக்கு மாட்டுப் பக்குவம் பழக்கமில்லை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று என் மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் என்னையும் எருமையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் எது மேல் என்று யோசித்த மாதிரி இருந்தது.

குலுக்கைக்குப் பின்னால்

காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் கும்பிடு முடியும்வரை ஊர்க்காரன் எவனும் எல்லை தாண்டி இராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்ந்தால் வந்துவிடவேண்டும். தங்கினால் தெய்வக் குற்றம், ஊர்க் குற்றம் இரண்டும். அன்றைக்கே முளைப்பாரி வீட்டில் விதை தெளித்தார்கள். சாயங்காலமானால் அங்கிருந்து கும்மிப் பாட்டு கேட்கும். செல்லம்மாள் அந்த நேரம் பார்த்து உரலில் எதையாவது போட்டு இடிப்பாள்.

மூன்று நாலு நாள் கழித்து, நெல் எடுக்க உள்வீட்டுக்குப் போனேன். நெல் கொட்டிவைக்கும் மண் குலுக்கைக்குப் பின்னால் இருட்டில் கை பட்டது ஈரமாக இருந்தது. பாம்பு என்று நினைத்துத் துள்ளிவிழுந்து, நாலு மரக்கால் நெல்லைக் கொட்டினேன். பிறகு விளக்கைக் கொண்டுவந்து பார்த்தேன்.

ஒரு மண் ஓடு. எருவும் வைக்கோலும் போட்டு, பயறு முளைத்து, விரல் உயரத்துக்கு நின்றது. வெயில் படாத மஞ்சள்.

சத்தம் கேட்டு செல்லம்மாள் வந்தாள். கொட்டிய நெல்லைப் பார்த்தாள். நான் ஓட்டைப் பார்ப்பதையும் பார்த்தாள்.

"அன்னைக்கேதான் போட்டேன்" என்றாள். "திடீர்னு கேட்டாகன்னா வளந்து இருக்கணுமில்ல."

கேட்பார்கள் என்று நம்பி ஒருத்தி இருட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். முளை ஒவ்வொரு நாளும் வளர்கிறது. நான் ஒரு அங்குலம் வளரவில்லை.  

வக்கீல் சிரித்தார்

பயந்தவனுக்குத் தோன்றும் யோசனைகள் தனி ரகம். மறுநாள் மத்தியானம் உத்தமபாளையத்துக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். ராவுத்தர், எங்கள் அப்பாவின் கடைக்கு எப்போதாவது வருகிறவர். கோர்ட்டுக் கச்சேரி முடிந்து களைத்துப்போய் வந்திருந்தார். ஊர் என்னிடம் வரி வாங்க மறுக்கிறது, வாங்கச் சொல்லி உத்தரவு வாங்க முடியுமா என்று கேட்டேன்.

அவர் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். குமாஸ்தாவைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லச் சொன்னார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கச்சேரிக்கு வருகிறவன் எல்லாம் வரி கட்டமாட்டேன் என்றுதான் வருகிறான், கட்டியே தீருவேன் என்று வந்த முதல் கட்சிக்காரன் நீதான் தம்பி, சட்டத்தில் உனக்கு இடமில்லை, சர்பத் குடி என்றார். சர்பத் குடித்தேன். அவர் பக்கத்து வீட்டு வக்கீலையும் கூப்பிட்டார். மறுபடி சொன்னேன்.

இப்படிச் சொல்லிச் சொல்லிக் கடைசி பஸ் போய்விட்டது.

நடந்தால் நாலு மைல். நடந்திருக்கலாம். ஆனால் வழியில், சுடுகாட்டுத் திருப்பத்தில், ஒரு புளியமரம் உண்டு. அதில் யாரோ ஒருத்தி தூக்குப் போட்டுக்கொண்டதாகவும், தனியாக வருகிற ஆண்களிடம் சுண்ணாம்பு கேட்பதாகவும் வீரணன் சொல்லியிருந்தான். இருட்டத் தொடங்கிய பிறகு உத்தமபாளையத்து எல்லைவரை போனேன். மரம் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு மைல் முன்பே கால் நின்றுவிட்டது. திரும்பி வந்து ராவுத்தர் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டேன். காப்பு நினைவு வந்தது. வந்தால் என்ன, நான்தான் ஊர்க்காரன் இல்லையே, வரி இல்லாதவனுக்குக் காப்பு ஏது என்று எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அந்த வாதத்தில்தான் நான் செய்த தப்பு இருந்தது.

காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். செல்லம்மாள் ஊர் எல்லையில் நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"வந்துட்டீகளா" என்றாள். அவ்வளவுதான்.

பிறகுதான் புரிந்தது. நான் பெண்டாட்டியை விட்டுவிட்டுத் தேனிக்கு ஓடிவிட்டேன் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. கடைத்தெருக்காரன் எத்தனை நாளைக்குச் சேற்றில் நிற்பான், வரி வாங்காததே நல்லது என்று கிணற்றடியில் பேசியிருக்கிறார்கள். அவள் காதுபடவே.

அரை வார்த்தை

அன்றைக்கே சாவடியில் கூட்டம் கூடியது. கூட்டியவர் என் மாமியார்.

வழக்கமாகப் பெண்கள் கூட்டத்தில் பேசுவதில்லை. என் மாமியார் சாவடிக்கு வெளியே, வேப்ப நிழலில் நின்றுகொண்டார். அரை வரி கொடுக்கிறவளுக்கு அரை வார்த்தை பேச உரிமை உண்டு என்றார்.  அந்த அரை வார்த்தை கால்மணி நேரம் ஓடியது.

"எம் மருமகன் காப்பு மீறி வெளிய தங்கிட்டாரு. தெண்டம் போடுங்க."

கூட்டம் திகைத்தது.  எல்லா மாமியாரும் மருமகனைக் காப்பாற்றத் துடிப்பார்கள். எனக்கு வாய்த்தவர் வாதி.

பெரியதனக்காரர் சமாதானமாகச் சொன்னார்: "அவுக விருந்தாளி தாயி. காப்பு நமக்குத்தான. என்னைக்கிருந்தாலும் அவுக தேனிக்குப் போறவுக."

"அவரு விருந்தாளின்னா எம்மக யாரு? அவளும் விருந்துக்கு வந்தவளா? இந்த ஊருத் தண்ணியில பெறந்து இந்தத் தண்ணியில வளந்தவ. அவ எடுக்காத மொளப்பாரியா?" மாமியார் குரல் உயரவில்லை. "விருந்தாளின்னா இப்பவே வெத்தல பாக்கு வச்சு ரெண்டு பேத்தையும் அனுப்பிவிடுங்க. ஊருக்காரன்னா தெண்டத்தப் போட்டு வரிய வாங்குங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நடுவுல நிறுத்தி வைக்கிறதுக்கு அவரு என்ன சோளக்கொல்ல பொம்மையா?"

  வெற்றிலை பாக்கை நிஜமாகவே வைத்து அனுப்பிவிட்டால்? செல்லம்மாள் ஓட்டைத் தூக்கிக்கொண்டு தேனிக்கு வருவாளா? கடைத்தெருவில் யார் கும்மி கொட்டுவார்கள்?

பெரியதனக்காரர் என் பக்கம் திரும்பினார். "ராத்திரி ஏன் வரல மாப்பிள்ளை? தேனிக்குப் போனீகளா?"

இங்கே நான் ஏதாவது கௌரவமாகச் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் பொய் வரவில்லை.

"உத்தமபாளையத்துலதான் இருந்தேன். புளியமரத்துக்குப் பயந்துக்கிட்டு வரல."

பெரியதனக்காரர் என் பக்கம் குனிந்தார்.

"எந்தப் புளியமரம்?"

"சுடுகாட்டுப் பக்கம். சுண்ணாம்பு கேக்குமாமே."

"கேட்டுச்சா?"

"கேக்கிறதுக்கு முன்னாடியே திரும்பிட்டேன். ஒரு மைலுக்கு முன்னாடி."

வீரணன்தான் முதலில் வெடித்தான். பிறகு கூட்டம். அதுவரை என் எதிரே வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தவர்கள், துண்டை வீசிவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தர் தூணைக் கட்டிக்கொண்டார். பெரியதனக்காரர் அடக்கி அடக்கிப் பார்த்தார். மீசை நடுங்கியது, வயிறு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏன்லே, அந்த மரத்த வெட்டி வருசம் ரெண்டாச்சு. கட்டைகூட இல்ல அங்கன. இல்லாத மரத்துக்கா இம்புட்டுப் பயந்தே?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேட்டுவிட்டேன். 'ஏன்லே.' 'பயந்தே.' இரண்டும் எனக்கே எனக்கு. மறுகணம் அவர் முகம் மாறியது. நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"மாப்பிள்ளை, வாய் தவறிப்போச்சு. மனசுல வச்சுக்கிறாதீக."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. அப்போது வேப்ப நிழலிலிருந்து மாமியார் சொன்னார்.

"தவறல. இப்பத்தான் வாய் சரியா வந்துருக்கு. அப்பிடியே தெண்டத்தையும் சொல்லிருங்க."

பெரியதனக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பயந்தவன் அந்த வழியாகத் தேனிக்கு எங்கே ஓடப்போகிறான் என்று பின்னாலிருந்து ஒருத்தர் நியாயம் சொன்னார். அதுதான் தீர்ப்பாக அமைந்தது. கும்பிடு முடியும்வரை கோயில் விளக்குக்கு எண்ணெய், சபையில் விழுந்து கும்பிடவேண்டும், முழு வரி.

விழுந்தேன். ஆனந்தத்தில் எழுந்திருக்க மறந்து கிடந்தேன். மயக்கமோ என்று பயந்து இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள்.

ஆற்றங்கரை

மிச்சம் இருந்த பயம் ஒன்றே ஒன்று. முளைப்பாரி வீட்டில் வைக்காத ஓட்டை முளைப்பாரிகளோடு சேர்ப்பார்களா? முளைப்பாரிக்குப் பொறுப்பான அம்மாள் வீட்டுக்கே வந்தார். குலுக்கைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். என்றைக்குப் போட்டாய் என்று செல்லம்மாளைக் கேட்டார். எல்லாரும் போட்ட அன்றைக்குத்தான் என்றாள் அவள். கும்மி இல்லாமல் வளர்ந்தது கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும், ஆனாலும் முளை முளைதான் என்று சொல்லி, அந்த அம்மாளே தூக்கிக்கொண்டு போனார்.

கரைக்கும் நாள். வெயில் தாழ்ந்திருந்தது. ஆற்றங்கரை முழுக்க ஜனம். முளைப்பாரிகள் வரிசையாக வந்தன. எங்களுடையது கடைசிக்கு முந்தி, மற்றதைவிட அரைச் சாண் குட்டை. செல்லம்மாளின் கழுத்து அத்தனை நேராக நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. தடுக்கி விழுந்துவிடுவாளோ, ஓடு சரிந்துவிடுமோ, கடைசி நேரத்தில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று நான் கழுத்தை நீட்டி, குதிகாலைத் தூக்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அவளுக்குப் பதில் நான் தத்தளித்துக்கொண்டிருந்தேன்.

அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். ஓட்டைத் தலையிலிருந்து இறக்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல். யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏலே புளியமரம், தள்ளி நில்லுலே. ஒண்ணும் தெரியல."

திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கரையில் மரமே கிடையாது.

தள்ளி நின்றேன்.